செங்கல்லை மட்டும் நகர்த்திடாதீங்க

அத்தியாயம் ஆறு

‘டக்’ என்றது கதவு.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. டப்பா மூடி பொருந்துகிற மாதிரி ஒரு சின்ன ‘டக்’. ஆனால் அதைக் கேட்டதும் ஒல்லி சட்டென்று திரும்பினான். கதவின் இந்தப் பக்கத்தில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டைதான் இருந்தது.

“அண்ணி, நான் ஒண்ணும் பண்ணலை.”

“நான் இன்னும் கேட்கவே இல்லையே,” என்றாள் அண்ணி, கையிலிருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல். “என்ன பண்ணினே?”

“கதவுக்குப் பின்னாடி ஒரு அலமாரி இருந்துச்சு. அதுல என்ன இருக்குன்னு பார்க்கலாம்னு, சாக்குல தைச்சு முட்டுக் கொடுத்திருந்த அந்தச் செங்கல்லைக் கால் கட்டைவிரலால லேசா...”

“தள்ளினே.”

“நகர்த்தினேன்.”

“பதிவறை அம்மா என்ன சொல்லிட்டுப் போனாங்க?”

ஒல்லி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். “எதை வேணா பாருங்க, எதை வேணா எடுங்க, அந்தச் செங்கல்லை மட்டும் நகர்த்திடாதீங்கன்னு சொன்னாங்க. ரெண்டு தடவை.”

“ரெண்டு தடவையா?”

“மூணாவது தடவை, மாடிப்படி வரைக்கும் போனவங்க திரும்பி வந்து சொன்னாங்க.”

அண்ணி இப்போது தலையைத் தூக்கினாள். கதவைப் பார்த்தாள். கொழுந்தனைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் காகிதத்துக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் கூட ஒல்லிக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

ஒல்லி என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். முப்பத்திநாலு வயது, முரட்டு மீசை, ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார முடியாது. அண்ணி அவனுடைய அண்ணன் பெண்டாட்டி. அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்குக் கண்ணாடி விற்பது அண்ணன், ஊரைப் பார்ப்பது அண்ணி என்று ஒல்லி எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வான். காணாமல் போன நகை, ஓடிப்போன மாப்பிள்ளை, பெயரில்லாமல் வரும் கடிதம் எல்லாவற்றுக்கும் அந்தக் கடையின் பின்னறையில்தான் விசாரணை. ஒல்லிதான் உதவியாளன். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு.

இப்போது அவர்கள் மாட்டிக்கொண்டிருப்பது நகராட்சிக் கட்டடத்தின் பதிவறையில். தரையிலிருந்து கூரை வரை இரும்பு அலமாரிகள், அவற்றில் சிவப்பு நூல் கட்டிய கோப்புகள், நடுவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஆள் உயரத்துக்கு மேலே கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். ஒரு மின்விசிறி, அதுவும் சுற்றவில்லை. காற்றே இல்லாத அந்த அறையில் பழைய காகித வாடை தொண்டையைப் பிடித்தது.

“அண்ணி, நேரம்?”

“ரெண்டு அம்பது.”

“நாலு மணிக்குள்ள வெளியே போயிடுவோம் இல்ல?”

அண்ணி அடுத்த தாளைப் புரட்டினாள். நாலு மணிதான் விஷயமே.

நாலு மணிக்கு நிதி அதிகாரி முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்தக் கட்டடத்தைப் பழுது பார்க்க மேலிடத்தில் நிதி ஒதுக்கியாயிற்று. பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே கூரை எப்போது விழும் என்று தெரியாத நிலை. நடைகூடம் முழுக்க ஒழுகுகிற இடத்திலெல்லாம் வாளி. நிதியை விடுவிக்க அதிகாரி கேட்பது ஒன்றே ஒன்றுதான். ‘கட்டடத்தைப் பழுது பார்ப்போம்’ என்று நகர்மன்றத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட தீர்மானம், அதுவும் மூலப் புத்தகத்தில். நகர்மன்றத் தலைவி பதவிக்கு வருவதற்கு முன் இருபது வருஷம் ஜெராக்ஸ் கடை நடத்தியவர். எல்லாவற்றுக்கும் மூன்று நகல் வைத்திருப்பார். ஆனால் நகல் செல்லாது என்பது விதி.

மூலப் புத்தகம் நேற்றிலிருந்து காணவில்லை.

அது மட்டும் போதாதென்று, புத்தகத்தைத் திருடியதே தலைவிதான் என்று துணைத்தலைவர் எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டார். நாலு மணிக்குள் புத்தகம் வராவிட்டால் நிதியும் போச்சு, அதிகாரி அந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினால் தலைவியின் பதவியும் போச்சு. காலையில் கண்ணாடிக் கடைக்கு வந்த தலைவி உட்காரக்கூட இல்லை. “எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவருங்க,” என்றார். “நான் எடுக்கலைன்னு நான் மட்டும்தான் சொல்றேன். நான் சொல்றதை நானே எத்தனை நாளைக்கு நம்பறது?” அந்தக் குரல் ஒல்லிக்கு இன்னும் காதில் நின்றது.

“கூப்பிட்டுப் பார்க்கறேன்,” என்று அவன் போனை எடுத்தான். அலமாரி மேலே வைத்துப் பார்த்தான், மேசைக்கடியில் வைத்துப் பார்த்தான். அந்தக் காலத்துச் சுவர், முழங்கை நீளத் தடிமன். சிக்னல் ஒரு கோடு கூட ஏறவில்லை. அண்ணியின் போன் தலைவி அறையில் சார்ஜில் கிடந்தது.

கதவைத் தட்டினான். உதைத்தான். தோளால் மோதினான். கதவு அவனைவிட வயதானது, அவனைவிட ஆரோக்கியமானது. நடைகூடத்தில் ஓர் ஆள் இல்லை. எல்லோரும் அதிகாரியை வரவேற்க மாடிக் கூட்ட அறையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆறு வயதில் அண்ணன் விளையாட்டாகக் குளியலறையில் வைத்துப் பூட்டியதிலிருந்து ஒல்லிக்குப் பூட்டிய அறை ஆகாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவர்கள் ஓரடி முன்னால் வந்துவிட்ட மாதிரி இருந்தது. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி வாயைத் திறப்பதுதான்.

“நாம இங்கேயே செத்துட்டா, அண்ணி, நமக்கு இறப்புச் சான்றிதழ் எழுத வர்றவங்க இந்தக் கதவைத்தான் திறக்கணும். அதுல ஒரு வசதி இருக்கு.”

“மூச்சை வீணாக்காதே. இதைப் படி.” அண்ணி தலைவி கொடுத்த நகல் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். “தீர்மானத்தோட நகல். என்னென்ன பழுதுன்னு பட்டியல் இருக்கு.”

ஒல்லி படித்தான். “ஒன்று, சான்றிதழ் ஜன்னல் கூரை. ரெண்டு, மேல்தொட்டி ஒழுக்கு. மூணு, பெண்கள் கழிப்பறைக் கதவு. அடப்பாவமே. ஏழு, பதிவறை மின்விசிறி. ஓ, இதான் சுத்தலையா? காலையில கேட்டதுக்குப் பதிவறை அம்மா, ‘மேம்பாட்டுல சேர்த்தாச்சு’ன்னாங்க. குழாயைக் கேட்டா மேம்பாட்டுல சேர்த்தாச்சு, பல்பைக் கேட்டா மேம்பாட்டுல சேர்த்தாச்சு. ஒரு ஸ்க்ரூ கழண்டாக்கூட இவங்க முடுக்க மாட்டாங்க, பட்டியல்ல ஏத்திடுவாங்க.”

“தனியா சரி பண்ணினா, பட்டியல் பொய்னு ஆயிடும் இல்ல? அதான் அவங்க வழக்கம். மேலே படி.”

“பத்து, பதினொண்ணு...” ஒல்லியின் குரல் நின்றது. “அண்ணி. பதினாலு. ‘பதிவறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து எட்டு மாதமாகிறது. கதவு சாத்திக்கொண்டால் உள்ளிருந்து திறக்க இயலாது. புதிதாகப் பொருத்துதல்.’”

“எட்டு மாசம்,” என்றாள் அண்ணி. அவள் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. “இப்போ இதைக் கேளு.”

இவ்வளவு நேரம் அவள் படித்துக்கொண்டிருந்தது துணைத்தலைவர் கொடுத்த புகாரின் நகல். அதை நிதானமாக வாசித்தாள்.

“‘நேற்று மதியம் ஒன்றரை மணிக்கு நான் பதிவறைக்குச் சென்று, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக அமர்ந்து இருபது நிமிடம் தீர்மானப் புத்தகத்தை வாசித்தேன். வாசித்து முடித்ததும் அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்குப் பின் தலைவி அறைக்குள் சென்றதைக் கண்ணால் கண்டேன். அதன் பிறகு புத்தகம் இல்லை.’”

ஒல்லி அந்த ஓட்டையைப் பார்த்தான். புகாரைப் பார்த்தான்.

“கதவைச் சாத்திக்கிட்டு, தனியா இருந்தாராம். அப்புறம் வெளியே வந்தாராம். எப்படி? சாவித் துவாரம் வழியா ஒழுகி வந்தாரா?”

“அவர் இந்த அறைக்குள்ளே காலே வெச்சதில்லை,” என்றாள் அண்ணி. “எட்டு மாசமா நிச்சயமா இல்லை. அவங்களுக்கெல்லாம் புத்தகம் வேணும்னா மேசைக்குக் கொண்டுவந்து கொடுப்பாங்க. உள்ளே கைப்பிடி இல்லேங்கறது இங்கே வேலை பார்க்கறவங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.”

“பட்டியல்ல எழுதியிருக்கே! அவரும்தானே கையெழுத்துப் போட்டிருக்காரு?”

“படிச்சுட்டா போட்டாரு?”

ஒல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாட்டிக்கொண்ட பிறகு முதல் சிரிப்பு. “சரி, பொய்னு புரிஞ்சுபோச்சு. எதுக்கு இந்தப் பொய்?”

“அவரோட மச்சான் கடைவீதியில மூணு மாடி கட்டி வெச்சிருக்கான், வாடகைக்கு ஒரு ஈ காக்கா வரலை. இந்தக் கட்டடம் பாழாப்போனா நகராட்சி ஆபீஸ் எங்கே போகும்?”

“மச்சான் வீட்டுக்கு விருந்துக்கு.”

“அதேதான். ஆனா பொய் சொன்னாருன்னு காட்டினா தலைவி பதவி தப்பிக்கும். நிதி தப்பிக்காது. புத்தகம் வேணும்.” அண்ணி முதல்முறையாக முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “அதைவிட முதல்ல வெளியே போகணும்.”

மணி மூன்று இருபது.

ஒல்லி ஜன்னலைக் குறிவைத்தான். நாற்காலியில் ஏறினான். நாற்காலியின் ஒரு கால் ‘கிறீச்’ என்று மடங்கியது. அதுவும் பட்டியலில் இருக்கும். தரையில் தவழ்ந்து தேடினான். கடைசி அலமாரிக்கடியில், சுவரோரம், இரண்டு செங்கல் கிடைத்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

“யாராவது இருக்கீங்களா? ஐயா! அம்மா! வரி கட்ட வந்திருக்கோம்! முழுசா கட்டறோம்!”

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் மோட்டார் ‘டர்ர்ர்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் குரல் அவன் காதுக்கே கேட்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அதை வியர்வை என்று வைத்துக்கொள்ளலாம்.

“இறங்கு,” என்றாள் அண்ணி.

“இன்னும் ஒரு தடவை...”

“இறங்குடா தம்பி. உன் காலடியில என்ன இருக்குன்னு பாரு.”

“செங்கல்.”

“இந்த அறையில நீ தொட்ட சாமான் எல்லாத்துலயும் தூசு. உன் கை பாரு, கரி மாதிரி இருக்கு. அலமாரிக்கடியில கிடந்த செங்கல்ல மட்டும் ஏன் தூசு இல்லை?”

ஒல்லி குனிந்து ஒரு செங்கல்லைத் தூக்கினான். சுத்தமாக, புதுசு போல் சிவப்பாக இருந்தது. ஓரத்தில் சணல் நார் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“சாக்கு நார்,” என்றாள் அண்ணி. “இப்போ சொல்லு. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாங்களே, சாக்குல வெச்சுத் தைச்ச மூட்டை, அதுக்குப் பேரு என்ன?”

“செங்கல்.”

“போன மாசம் எங்க வீட்டு அம்மிக்கல்லுல நீ கால் கட்டைவிரலை இடிச்சுக்கிட்டப்ப என்ன பண்ணினே?”

“தெருவே கூடிப்போச்சு. ரெண்டு நாள் லீவு போட்டேன்.”

“இன்னிக்கு ரெண்டு செங்கல்லை அதே விரலால தள்ளியிருக்கே. ஏன் சத்தமே வரலை?”

ஒல்லி மெல்லத் திரும்பிக் கதவோரம் கிடந்த சாக்கு மூட்டையைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த செங்கல்லைப் பார்த்தான்.

“செங்கல் இங்கே இருக்கு,” என்றான், குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. “அப்போ அதுக்குள்ளே என்ன இருக்கு?”

அண்ணி மூட்டையை மடியில் எடுத்து வைத்து விரலால் தடவினாள். நாலு மூலையும் கூராக இருந்தது. தடி அட்டை. பக்கவாட்டில் காகிதங்களின் விளிம்பு. தையல் போட்டிருந்தது சிவப்புக் கோப்பு நூலால், நெருக்க நெருக்கமாக.

“கிடைச்சிருச்சு! அண்ணி, கிடைச்சிருச்சு!” ஒல்லி ஆட ஆரம்பித்தான். “பிரிங்க!”

“தொடாதே.”

“ஏன்?”

“நாம யாரு? தலைவி கூட்டிக்கிட்டு வந்த ஆளுங்க. எங்கே இருக்கோம்? சாத்தின அறைக்குள்ள. யாரு பார்த்தா? யாரும் இல்லை. கதவைத் திறக்கும்போது நம்ம கையில புத்தகம் இருந்தா, துணைத்தலைவர் என்ன சொல்வாரு?”

ஆட்டம் நின்றது. “நாமதான் கொண்டுவந்து வெச்சோம்னு சொல்வாரு. கையும் களவுமா பிடிச்சேன்னு சொல்வாரு.”

“அதோட தலைவி கதை முடிஞ்சுது.”

ஒல்லி சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். புத்தகம் இல்லாதபோது வெளியே போக முடியவில்லை என்று அழுதான். இப்போது புத்தகம் இருக்கிறது, யாராவது கதவைத் திறந்துவிடப் போகிறார்களே என்று பயமாக இருந்தது. இப்படியும் ஒரு பொறியா?

“இதைத் தைச்சது யாருன்னு தெரியுமா?” என்றாள் அண்ணி.

“மூணாவது தடவை திரும்பி வந்து சொன்னவங்க,” என்றான் ஒல்லி. “கதவுக்காகச் சொன்னாங்கன்னு நினைச்சேன்.”

பதிவறை எழுத்தர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. பதினொரு வருஷமாகத் தற்காலிக வேலை. பணி நிரந்தரப் பட்டியல் துணைத்தலைவர் கையில். காலையில் அண்ணியிடம் பேசும்போது அந்தம்மா ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்: “காணோம்னு எழுதிக் கொடுத்துட்டேன்மா. எழுதினது எழுதினதுதான்.” அப்போது ஒல்லி அதைத் திமிர் என்று நினைத்தான்.

“திருடினாங்களா, அண்ணி?”

“திருடறவங்க வெளியே கொண்டுபோவாங்க. இவங்க கதவுக்கு முட்டுக் கொடுத்து, எல்லார் கண்ணு முன்னாடியும் வெச்சிருக்காங்க. எதுக்கோ பயந்து ஒளிச்சிருக்காங்க. இப்போ எடுக்கவும் முடியலை.” அண்ணி மூட்டையைப் பழைய இடத்தில் வைத்தாள். “இந்தக் கட்டடத்துல நாம மட்டும் மாட்டிக்கலை.”

மூன்று நாற்பத்தொன்பதுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ‘டக்.’ கதவு திறந்தது.

வாசலில் பதிவறை அம்மா. இருவரையும் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. கண் நேரே தரைக்குப் போனது, மூட்டை இருக்கிறதா என்று; பிறகு ஜன்னலுக்குக் கீழே அடுக்கியிருந்த செங்கல்லுக்குப் போனது. பின்னால் தலைவி, அழுது முகம் கழுவின மாதிரி. அதற்குப் பின்னால், தலையில் சொட்டாமல் இருக்கக் கோப்பைக் குடையாகப் பிடித்தபடி நிதி அதிகாரி. கடைசியில், வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல், துணைத்தலைவர்.

“பார்த்தீங்களா சார்!” என்றார் துணைத்தலைவர், லாட்டரி அடித்தவர் மாதிரி. “தலைவியோட ஆளுங்க! உள்ளே கதவைச் சாத்திக்கிட்டு என்ன வேலை இவங்களுக்கு? இப்பவே சொல்லிடறேன், இனிமே இந்த அறையில புத்தகம் கிடைச்சாலும் அது இவங்க வெச்சதுதான்!”

ஒல்லி அண்ணியைப் பார்த்தான். அண்ணி சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது. தலைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப சரிங்க சார்,” என்றாள் அண்ணி, பவ்யமாக. “வெளியே வந்துடறோம். நீங்க சொல்றதுதான் நியாயம். அதிகாரி சார், ஒரே ஒரு சந்தேகம். சார் எழுதிக் கொடுத்ததுல, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே உக்காந்திருந்தேன்னு இருக்கு. எங்கே உக்காந்தாரு, எப்படி வெளியே வந்தாரு, தலைவி எந்தப் பக்கத்திலேருந்து வந்தாங்கன்னு நீங்க குறிச்சுக்கணும் இல்லையா? மேலே கேட்டா பதில் வேணுமே.”

அதிகாரி விதிக்குக் கட்டுப்பட்டவர். பேனாவைத் திறந்தார். “ஆமா, குறிச்சுக்கணும்.”

“எழுத்துல இருக்கற மாதிரியே ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்க சார். இவங்க வாயை அடைச்சிடலாம்,” என்றாள் அண்ணி, தலைவியைக் காட்டி.

தலைவி திகைத்துப்போய் அண்ணியைப் பார்த்தார். நாம் கூட்டி வந்தவளே கட்சி மாறிவிட்டாளா என்று அந்தப் பார்வை கேட்டது.

“அதுக்கென்ன!” என்று துணைத்தலைவர் உள்ளே நுழைந்தார். வாசலில் மூட்டை தடுத்தது. “இதென்ன குறுக்கே?”

“நான் எடுத்துக்கறேன் சார்.” அண்ணி மூட்டையைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடைகூடத்துக்கு வந்தாள். பதிவறை அம்மா கதவுப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். அண்ணி அவரைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

“நல்லா குறிச்சுக்குங்க சார்,” என்றது உள்ளிருந்து குரல். “நான் வந்தேன். இப்படிக் கதவைச் சாத்தினேன்.”

‘டக்.’

ஒல்லி உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“உக்காந்தேன்!” உள்ளே நாற்காலி ‘கிறீச்’ என்றது. “இருபது நிமிஷம் படிச்சேன். எழுந்தேன். இப்போ வெளியே...”

கதவின் மேல் கை தடவுகிற சத்தம் கேட்டது. மேலே தடவியது, கீழே தடவியது. ஓட்டையில் ஒரு விரல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

“யாரு பூட்டினது?”

“யாரும் பூட்டலை சார்,” என்றாள் அண்ணி. “நேத்து வந்த மாதிரியே வாங்க.”

‘தட தட தட’ என்று கதவு அதிர்ந்தது. அதிகாரி பேனாவை மூடினார். கையிலிருந்த புகாரை மறுபடி படித்தார். ‘தனியாக’ என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார். அவர் முகம் கோபத்தில் சிவந்தது.

“இந்த ஆள் நேத்து இந்த அறைக்குள்ளே வரவே இல்லை,” என்றார்.

“வரலை சார்.” சொன்னது அண்ணி இல்லை. பதிவறை அம்மா. அதிகாரியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். “நேத்து ஒன்றரை மணிக்கு உள்ளே இருந்தது நான். சாப்பாட்டு நேரத்துல நான்தான் இங்கே இருப்பேன்.”

“அதை ஏன் இவ்வளவு நேரம் சொல்லலை?”

“என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு கேப்பீங்களே சார்.”

அண்ணி மூட்டையை அந்தம்மாவிடம் நீட்டினாள். அந்தம்மா அதை வாங்கிக்கொண்டார். நடைகூடத்து பெஞ்சில் உட்கார்ந்தார். சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. சாக்குக்குள்ளிருந்து, பச்சை அட்டை போட்ட தீர்மானப் புத்தகம் வெளியே வந்தது.

தலைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

“நேத்துக் காலையில இவர் வாசல்ல வந்து நின்னாரு சார். மூணு மணிக்கு வருவேன், புத்தகத்தை எடுத்து வை, வீட்டுக்குக் கொண்டுபோகணும்னாரு. கொடுத்தா திரும்பி வராது, எனக்குத் தெரியும். கொடுக்க மாட்டேன்னு சொல்ல எனக்கு ஏது தைரியம்? என் வேலை அவர் கையில. அதான் தைச்சு வெச்சுட்டு, மூணு மணிக்குக் காணோம்னு சொன்னேன். வீட்டுக்குப் போயிடுவாருன்னு பார்த்தேன். ‘அப்படியா, எழுதிக் கொடு’ன்னாரு. எழுதி வாங்கிக்கிட்டுப் போய், தலைவி அம்மா மேலே பழியைப் போட்டுட்டாரு.” அவர் தலைவியைப் பார்த்து அழத் தொடங்கிவிட்டார். “உங்க கண்ணைப் பார்க்க முடியலைம்மா. எடுத்துக் கொடுத்தா பொய் எழுதினவள்னு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கொடுக்காட்டி உங்களை அனுப்பிடுவாங்க. ராத்திரி பூரா தூங்கலை.”

அதிகாரி தொண்டையைச் செருமினார். “உங்க நோக்கம் சரி. ஆனா எழுத்து மூலமா பொய் சொல்லியிருக்கீங்க. விதிப்படி நான்...”

“அந்த எழுத்தைக் கொஞ்சம் படிங்க சார்,” என்றாள் அண்ணி.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். படித்தார். “‘தீர்மானப் புத்தகம் அலமாரியில் காணோம்.’”

“அலமாரியில இருந்துச்சா?”

அதிகாரி கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார்.

“இல்லையே சார். கதவோரம் இல்ல இருந்துச்சு? அலமாரியில காணோம்னு எழுதியிருக்காங்க, அலமாரியில காணோம். இதுல பொய் எங்கே இருக்கு?”

பதினொரு வருஷம் கோப்பு எழுதின கை. பயத்தில் கூட ஒரு வார்த்தை தப்பாக எழுதவில்லை. அதிகாரி அந்த வரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் உதட்டோரம் ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம், அவருக்கு அதில் பழக்கமில்லை போலிருந்தது.

“பொய் இல்லை,” என்றார்.

பெஞ்சின் மேலேயே புத்தகத்தை விரித்தார். தீர்மானம், பட்டியல், அடியில் எல்லாருடைய கையெழுத்தும் இருந்தது. பதினாலாவது வரியில் அவர் விரல் நின்றது. அப்படியே கீழே இறங்கி, எல்லாக் கையெழுத்தையும் விடப் பெரிதாக, சுழித்துச் சுழித்துப் போட்டிருந்த துணைத்தலைவரின் கையெழுத்தில் முடிந்தது. பக்கத்து வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. அதிகாரி பையிலிருந்து முத்திரையை எடுத்தார். மணி மூன்று ஐம்பத்தேழு.

முத்திரை விழுந்த சத்தத்தில் தலைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நேரே போய்ப் பதிவறை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா,” என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். ஒல்லி மோட்டுவளையைப் பார்த்தான்.

“கைப்பிடி எங்கேய்யா?” என்று கதவு கத்தியது. “மூச்சு முட்டுது! கைப்பிடி எங்கே?”

ஒல்லி ஓட்டையில் வாயை வைத்தான். இந்த ஒரு வரிக்காகத்தான் அவன் ஒரு மணி நேரம் உள்ளே வெந்திருக்கிறான்.

“மேம்பாட்டுல சேர்த்தாச்சு சார்!”

“திறந்து விடுங்கம்மா, பாவம்,” என்றாள் அண்ணி.

பதிவறை அம்மா எழுந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவருகே போனார். பழக்கதோஷம், கை கைப்பிடிக்கு ஓடியது. அங்கேயே நின்றது. கையில் தொங்கிய காலிச் சாக்கைப் பார்த்தார். பிறகு ஓட்டைப் பக்கம் குனிந்தார்.

“சார், கதவுக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல் வேணும். உள்ளேதான் கிடக்கு, ஜன்னலுக்குக் கீழே. ரெண்டையும் எடுத்துக்கிட்டு வந்து நில்லுங்க. அப்புறம் திறக்கறேன்.”

உள்ளே தட்டல் நின்றது. அப்புறம் செருப்பு ஜன்னல் பக்கமாக நடந்து போவதும், யாரோ முக்கிக்கொண்டு குனிவதும் கேட்டது. முதல் செங்கல் தரையில் உரசியது. அந்தம்மா காத்திருந்தார். இரண்டாவதும் உரசியது.

“எடுத்தாச்சும்மா,” என்றது உள்ளிருந்த குரல்.